தாண்டும் இடம்

தண்டபாணி மெயின் சுவிட்சைத் தூக்கினார். கேபினில் ஃபேன் கரகரத்துச் சுற்ற ஆரம்பித்தது. எடைமேடைப் பெட்டியின் சின்னத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று இறங்கின. படிப்பதற்குள் திரை கறுத்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடி முதலிலிருந்து அதே எழுத்துகள், அதே கறுப்பு.

"இன்னாம்மா இது, வாந்தி எடுக்குற கொயந்த மாதிரி திரும்பத் திரும்ப அதையே பண்ணிகினு கீது," என்றார் தண்டபாணி. "உங்க அண்ணன் காட்டறப்போ ஒரே தட்டுல வந்து நின்னுச்சே."

மகிழினி பெட்டியின் ஒயர்களை அழுத்திப் பார்த்தாள். வெளியே மேடைமீது ஒரு கன்டெய்னர் டிரெய்லர் ஏறி நின்றிருந்தது. அதற்குப் பின்னால் வண்டிகள் யார்டு கேட்டையும் தாண்டி எண்ணூர் சாலை வரைக்கும் நின்றன. முதல் வண்டி டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுப்பதாக இல்லை.

தண்டபாணி அந்த யார்டில் எடைமேடைக்குப் பொறுப்பு. கெட்ட மனிதர் இல்லை. மகிழினியின் அண்ணன் பாரி உயிரோடு இருந்தபோது அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து அவன் வேலையைப் பார்ப்பார். அந்தப் பக்கம் கரண்ட் போவதும் வருவதுமாகவே இருக்கும். ஒவ்வொரு முறையும் பழைய கம்ப்யூட்டர் விழித்தெழுவதற்குள் வண்டிகள் சாலையை அடைத்துவிடும். சில சமயம் எழவே எழாது. கரண்ட் வந்ததும் கண் திறக்கிற பெட்டி ஒன்றைத் தானே செய்து தருவதாகப் பாரி சொன்னான். விண்டோஸ் கிடையாது, எதுவும் கிடையாது. போர்டு விழிக்கும் முதல் நொடியிலிருந்து எல்லாம் அவனும் தங்கையும் எழுதியது. அதை ஒரு தடவை இங்கே கொண்டுவந்து ஓட்டியும் காட்டினான். முடித்து மாட்டுவதற்குள் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. மிச்சத்தை முடித்து இன்று கொண்டுவந்து மாட்டியவள் மகிழினி.

"வெள்ளிக்கெயம வரிக்கும் பாக்குறேன்," என்றார் தண்டபாணி. குரலைத் தணித்துக்கொண்டார். "அப்பால மேலருந்து வேற கம்பெனி பெட்டி வருது. அத மாட்டிட்டு இத காயலாங்கடைல போட்டுருவாங்க. எங்கையில ஒண்ணும் இல்லம்மா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துரும் சார்."

"எப்டி வரும்?" என்று கேட்டது தண்டபாணி இல்லை. சௌக்கத் அலி. அவர்தான் டோல்கேட்டில் போர்டு ரிப்பேர் கடை வைத்திருப்பவர். அண்ணனும் தங்கையும் அவரிடம்தான் வேலை பார்த்தார்கள். பெட்டியிலிருந்து போர்டைக் கழற்றித் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டார். மகிழினி அவருக்கு முன்னால் நடந்து போய் ஸ்கூட்டர் அருகே நின்றுகொண்டு, சாவியைக் கொடுங்கள் என்று கை நீட்டினாள். கொடுத்தார். ஓட்டத் தெரிந்தவள்தான், ஆனால் அன்றைக்கு டிரெய்லர்களுக்கு நடுவே அவள் புகுந்து போன வேகத்தில் பின்னால் இருந்தவர் போர்டை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கலிமா சொல்லிக்கொண்டே வந்தார்.

கடையில் வந்து உட்கார்ந்ததும் தன் ஃபைலைத் திறந்தாள்.

அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு ஃபைல் என்றுதான் வேலை செய்தார்கள். கரண்ட் வந்ததும் ப்ராசஸர் பழைய காலத்து ஆசாமியாகத்தான் கண் விழிக்கும். அதற்குத் தெரிகிற மெமரி கொஞ்சம். ஆனால் உதவிக்கு, போர்டிலேயே எழுதி வந்த பயாஸ் என்ற புரோகிராம் இருக்கும். திரையில் எழுத வேண்டுமா, டிஸ்கிலிருந்து எடுக்க வேண்டுமா, கேட்டால் செய்து கொடுக்கும். முழு பலத்தோடு வேலை நடக்க வேண்டுமென்றால் ப்ராசஸரை வேறொரு மோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிவிட்டால் பயாஸ் நம் கூப்பிட்ட குரலுக்கு வராது. எல்லாவற்றையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ரியல் மோடு, புரொடெக்டட் மோடு என்று புத்தகத்தில் பெயர். இவர்கள் இரண்டு பேரும் இந்தாண்ட, அந்தாண்ட என்பார்கள். இந்தாண்ட முழுக்கப் பாரி எழுதியது. தாண்டிக் குதிக்கும் வரி வரை அவன் பாடு. குதித்து இறங்கியதிலிருந்து மகிழினி பாடு. எடைக் கருவியோடு பேசுவது, எண்ணைத் திரையில் காட்டுவது எல்லாம் அவள்.

அவன் ஃபைலை அவள் தொடக் கூடாது, அவள் ஃபைலை அவன் தொட மாட்டான். தப்பு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து ஆள்தான் திருத்த வேண்டும். ஒரு தடவை பாரி ஒரு எண்ணைத் தப்பாக அனுப்ப, மகிழினி சொல்லாமல் தன் பக்கத்தில் அதைக் கூட்டிக் கழித்துச் சரிக்கட்டிவிட்டாள். கண்டுபிடித்தபோது அவன் போட்ட சத்தத்துக்கு எதிர்க் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். "நான் கலீஜ் பண்ணா நீ கோலம் போட்டு மறைப்பியா? அடுத்த வாட்டி எவனாவது கோலத்த அயிச்சா இன்னா ஆவும்?" என்று கத்தினான். அவள் அழுதுவிட்டு, மறுநாள் அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டாள்.

இப்போது தன் ஃபைலை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பாரி யார்டில் ஓட்டிக் காட்டிய பிறகு அவள் சிலவற்றைச் சேர்த்திருந்தாள். மெமரி முழுவதையும் துடைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாமென்று ஒரு பகுதி. எடை எண்ணின் எழுத்தைப் பெரிதாக்க ஒரு பகுதி. சேர்த்ததை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு ஓட்டினாள். லேப்டாப்பில், போர்டைப் போல நடிக்கும் போலிக் கம்ப்யூட்டருக்குள், எப்படி ஓட்டினாலும் ஓடியது. போர்டில் போட்டால் கறுப்பு.

எழுந்தாள், கடை வாசல் வரை போனாள், வந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள்.

"ஒரு எடத்துல குந்தும்மா. எனக்கே தல சுத்துது," என்றார் சௌக்கத் அலி. பிறகு சால்டரிங் அயர்னைத் தாங்கியில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் கேட்டார். "பாரி எயுதுன பக்கத்த பாத்தியா?"

"அதுல ஒண்ணும் இல்ல பாய். அண்ணன் காட்டும்போது ஓடுச்சுல்ல."

"அத கேக்கல. தொறந்து பாத்தியா?"

"என்னுதுலதான் பாய் கோளாறு. நான்தான் அப்புறமா கண்டதச் சேத்துகினு இருந்தேன்."

அவர் சால்டரிங் அயர்னை மறுபடி எடுத்துக்கொண்டார். அவள் அந்த ஃபைலைத் திறந்து பார்க்கவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரிந்துவிட்டது.

வியாசர்பாடியில் வீடு. சாயங்காலம் பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் ஊர்ந்து போகிற சத்தம் மூன்றாவது மாடி வரை வரும். போர்டையும் லேப்டாப்பையும் கட்டில்மேல் பரப்பி வைத்துக்கொண்டு மகிழினி சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாள். கூடத்தில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் பாரியின் படம் இருந்தது. அந்தப் பக்கம் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

ரமாபாய் வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, மகள் முன்னால் சோற்றுத் தட்டை வைத்தாள்.

"துன்னுட்டு பாரு."

"இரும்மா."

"காலைலருந்து இருக்குறேன். சோறு ஆறிப் போவுது."

"வெள்ளிக்கிழமை இது ஓடலன்னா தூக்கிப் போட்டுருவாங்கம்மா. அண்ணன் செஞ்சது."

ரமாபாய் அந்தப் போர்டைக் குனிந்து பார்த்தாள். அதில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. "அவன் செஞ்சதுன்னா அவன் இன்னா செஞ்சான்னு பாக்க வேண்டிதானே," என்றாள். "நீ செஞ்சதையே எத்தினி வாட்டி பாப்ப?"

மகிழினி சட்டென்று நிமிர்ந்தாள். அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் தெரியாது. மகள் முகத்தைத்தான் அவள் படித்திருந்தாள். தட்டை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்துவிட்டுத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

மகிழினி மறுபடி சுவிட்சைத் தட்டினாள். இந்தத் தடவை போர்டு கறுக்கவில்லை. எடை எண் வந்து, பெரிய எழுத்தில், பூஜ்யம் காட்டி நின்றது.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. எதையும் மாற்றவில்லையே. அணைத்துப் போட்டாள். கறுப்பு. மறுபடி. கறுப்பு. மறுபடி, மறுபடி. வெகு நேரம் கழித்து இன்னொரு முறை பூஜ்யம் வந்து நின்றது.

எப்போதும் ஓடாத ஒன்றை எப்படியாவது பிடித்துவிடலாம். சில சமயம் ஓடுவதுதான் ஆளைக் கொல்லும். ஒவ்வொரு தடவையும் போர்டு அதே வரிகளைத்தான் படிக்கிறது. பிறகு எது மாறுகிறது? வெளியிலிருந்து ஏதோ வருகிறது. சில நேரம் வந்து இடிக்கிறது, சில நேரம் இடிக்காமல் போகிறது. ஒழுங்காக, விடாமல் வெளியிலிருந்து வந்துகொண்டே இருப்பது ஒன்றுதான். கடிகாரத் தட்டல்.

போர்டிலுள்ள கடிகாரம் ஒரு நொடிக்குள் பல தடவை ப்ராசஸரின் தோளைத் தட்டும். இன்டரப்ட் என்பது அதுதான். கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு ப்ராசஸர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தாண்ட பதில் சொல்ல பயாஸ் இருக்கிறது. அந்தாண்ட மகிழினி ஆள் வைத்திருக்கிறாள். இரண்டுக்கும் நடுவில், தாண்டும்போது, யாரும் இல்லை. அந்த நேரம் பார்த்துத் தட்டினால் ப்ராசஸர் பதில் தேடித் தடுமாறி, தடுமாறியதற்கும் பதில் தேடித் தடுமாறி, கடைசியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு முதலிலிருந்து எழும். அதனால்தான் தாண்டுவதற்கு முன்னால் கதவைச் சாத்திவிட வேண்டும். சி.எல்.ஐ. என்று ஒரு வரி. எழுத வந்த எவனும் மறக்காத வரி. பாரியும் எழுதியிருந்தான். அவன் எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள்.

சாத்திய கதவு என்றால் தட்டல் எப்படி உள்ளே வருகிறது?

தட்டைத் தள்ளி வைத்தாள். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். அவன் ஃபைலைத் திறந்தாள்.

அவன் பயன்படுத்திய எடிட்டர், கடைசியாக எந்த வரியில் மூடினோமோ அதே வரியில் திறக்கும். மேலிருந்து மெதுவாக இறங்கி வரலாம் என்று நினைத்திருந்தவளை, அவன் கடைசியாக நின்ற இடத்தில் கொண்டுபோய் நேராக நிறுத்திவிட்டது. கொஞ்ச நேரம் அவளால் படிக்க முடியவில்லை. எழுத்துகள் எழுத்துகளாகவே இருந்தன.

பிறகு படித்தாள். சி.எல்.ஐ. இருந்தது. அதற்குக் கீழே, தாண்டும் வரிக்கு மேலே, அவள் முன்பு பார்த்திராத ஒரு வரி இருந்தது. திரையில் ஒரு வார்த்தை எழுதச் சொல்லும் வரி. ஆங்கில எழுத்தில், 'வரேன்'.

அந்த வீட்டிலிருந்து யாரும் சொல்லாமல் கிளம்ப மாட்டார்கள். பால் வாங்கப் போனாலும் வாசலில் நின்று 'வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், ரமாபாய் அப்படி வளர்த்திருந்தாள். மகிழினி சொல்லிவிடுவாள். பாரி மறந்துவிடுவான். கீழ்ப் படி வரை இறங்கிவிட்டு நினைவு வந்து, மூன்று மாடியும் திரும்பி ஏறி வந்து, அம்மா தாழ்ப்பாள் போட்டிருக்கும் கதவைத் தட்டுவான். அவள் திறந்ததும் "வரேம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி இறங்கி ஓடுவான். அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விடுவாள். தாழ்ப்பாள் திரும்பப் போட மறந்துவிடும். பகலெல்லாம் கதவு சும்மா சாத்தியே கிடக்கும்.

இங்கேயும் அதையேதான் செய்திருந்தான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட பிறகு, சொல்லிக்கொள்ளாமல் போகிறோமே என்று தோன்றியிருக்க வேண்டும். திரையில் எழுதுவதற்கு அவன் எப்போதோ எழுதி வைத்த பகுதி ஒன்று உண்டு. அது வேலையை முடித்துத் திரும்பும்போது கதவைத் திறந்துவிட்டுத் திரும்பும். எஸ்.டி.ஐ. அதன் கடைசி வரி அது. மற்ற இடங்களில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. இந்த ஓரிடத்தில் மட்டும், 'வரேன்' என்று சொன்னதும் கதவு திறந்துகொண்டது. திறந்த கதவோடு தாண்டினான். லேப்டாப்பில் நடுவழி குறைவு, தட்டல் வருவதற்குள் ஆள் அந்தாண்ட போய்ச் சேர்ந்துவிடும். போர்டில் மகிழினி மெமரியைத் துடைத்து முடிக்கும் வரை வெட்டவெளிதான். அந்தத் துடைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தபோதும், சின்னதாகத்தான் என்றாலும், வெளி இருக்கத்தான் செய்தது.

அவன் ஓட்டிக் காட்டியபோது அந்த வரி இல்லை. காட்டிவிட்டு வந்த பிறகு, எல்லாம் முடிந்தது என்ற நிம்மதியில் சேர்த்திருக்கிறான்.

ஃபைலை மூடினாள்.

மறுநாள் கடையில் சௌக்கத் அலி வருவதற்குள் தன் பக்கத்தில் முதல் வரியாக ஒரு சி.எல்.ஐ. சேர்த்திருந்தாள். குதித்து இறங்கியதும் முதல் வேலை கதவைச் சாத்துவது. போர்டு ஓடியது. அணைத்துப் போட்டாள், ஓடியது. சௌக்கத் அலி தன் கையாலும் சில தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"முடிச்சிட்ட. எங்க கீது தப்பு?"

சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு உட்கார முடியவில்லை. கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ அவன் எயுதுனது அப்படியே கீது. நீ அந்தாண்டருந்து சாத்திட்ட."

"ஆமா பாய்."

"வேல செய்யுது?"

"செய்யுது. குதிக்கிற எடத்துல மட்டும் ஒரு இத்துனூண்டு எடவெளி இருக்கும். அப்போ தட்டுச்சுன்னா மறுபடியும் கறுக்கும். எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னா? மாசத்துக்கு ஒரு வாட்டி?"

"வருசத்துக்கு ஒண்ணுகூட இருக்காது. கறுத்தாலும் திரும்ப அதுவே எழுந்துக்கும்."

"அப்பறம் இன்னாத்துக்கு கூண்டுல போட்ட பூன மாதிரி சுத்திகினு கீற?"

அவள் நின்றாள். எதிர்க் கடையில் யாரோ மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தார்கள், சத்தம் ஏறி இறங்கியது.

"நான் கோலம் போட்டு மறைச்சிருக்கேன் பாய்," என்றாள். "அண்ணன் இருந்தா இந்தக் கடைய ரெண்டாக்கியிருக்கும்."

சௌக்கத் அலி டீ சொல்லிவிட்டு வருவதாக எழுந்து வெளியே போனார். டீக்கடைப் பையன் கூப்பிட்டால் வருகிற தூரத்தில்தான் இருந்தான்.

மகிழினி தன் பக்கத்தில் சேர்த்த வரியை முதலில் எடுத்தாள். போர்டு பழையபடி கறுத்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் அணைத்தாள். அவன் ஃபைலைத் திறந்தாள். அதே வரியில் வந்து நின்றது. அந்த வரியை அழித்துவிட்டால் போதும், வேலை முடிந்தது. யாரும் படிக்காத வார்த்தை, படிப்பதற்குள் மறைகிற வார்த்தை. விரல் அழிக்கும் பட்டன்மேல் போய் நின்றது.

அழிக்கவில்லை. வரியை வெட்டி எடுத்து, சி.எல்.ஐ.க்கு மேலே கொண்டுபோய் வைத்தாள். முதலில் சொல்லிக்கொள்வது, பிறகு தாழ்ப்பாள், பிறகு தாண்டுவது. ஒரு வரி ஏறி இன்னொரு வரி இறங்கியது, அவ்வளவுதான். இனி திறந்தால் அந்த ஃபைல் அவன் கடைசியாக நின்ற இடத்தில் திறக்காது, அவள் நின்ற இடத்தில்தான் திறக்கும் என்பது சேமித்த பிறகுதான் உறைத்தது. முகத்தை மேஜைமேல் கவிழ்த்துக்கொண்டாள். சௌக்கத் அலி வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து போர்டைப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை யார்டில் காலையிலிருந்தே கூட்டம். புதுக் கம்பெனி ஆள் ஒருவன் அட்டைப்பெட்டியோடு கேபின் ஓரமாக வந்து நின்றிருந்தான். தண்டபாணி அவனைக் கொஞ்சம் பொறு என்று கையமர்த்திவிட்டு மெயின் சுவிட்சின் முன் போய் நின்றார்.

"போடட்டா?"

"போடுங்க சார்."

போட்டார். ஃபேன் ஒரு சுற்று முழுசாகச் சுற்றுவதற்குள் எண் வந்து நின்றது. அணைத்தார். போட்டார். வந்தது. சந்தேகம் தீராமல், படபடவென்று போட்டு அணைத்துப் போட்டார். வெளியே யாரோ ஒரு டிரைவர், "யோவ், இன்னா சுவிட்ச வச்சி வெளாடிகினு கீற?" என்று கத்தினான்.

"த்தா, இரு மாமு, டெஸ்டிங் போயிகினு கீது," என்று இவரும் கத்தினார். மேடையில் ஏறச் சொன்னார். டிரெய்லர் ஏறியது. எடை வந்தது. டிரைவர் இறங்கி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, அவ்வளவு எல்லாம் இல்லை, பெட்டி புதுசு, தப்புக் காட்டுகிறது என்று தகராறு பண்ணினான். தண்டபாணிக்கு அதைவிடச் சந்தோஷம் வேறு இல்லை. அவனோடு வேண்டிய மட்டும் சண்டை போட்டு அனுப்பிவிட்டு, அட்டைப்பெட்டிக்காரனைப் பார்த்து, ஆபீசில் போய்ப் பேசிக்கொள்ளுங்கள் தம்பி, இங்கே வேலை இல்லை என்று சொன்னார்.

சௌக்கத் அலி ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டார். மகிழினி சுவரில் சாய்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணும்மா," என்றார் தண்டபாணி. "எண்ணு வர்றதுக்கு முன்னால ஏதோ எயுத்து எல்லாம் ஓடுதுல்ல, அங்க நம்ம யார்டு பேரு வந்தா நல்லாருக்கும். பெரிய ஆபீசருங்க வந்தா பாப்பாங்க. பண்ண முடியுமா?"

"அது அண்ணன் பக்கம் சார், அண்ணங்கிட்ட…"

சௌக்கத் அலி பையின் ஜிப்பை இழுத்து மூடினார், மறுபடி திறந்தார். தண்டபாணி தலையைச் சொறிந்துகொண்டு, "சரி உடு, பேரு இன்னாத்துக்கு, பரவால்ல," என்றார்.

"இல்ல, போடலாம்," என்றாள் மகிழினி. சுவரைவிட்டு வந்து லேப்டாப்பை அவருடைய மேஜைமேல் வைத்தாள். ரசீது கட்டுகளை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டாள். "இங்கிலீஷ் எழுத்துலதான் வரும். பரவால்லயா?"

"வரட்டும். எப்போ ஆவும்?"

"இப்பவே."

வெளியே அடுத்த டிரெய்லர் மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. அவள் ஃபைலைத் திறந்து, தாழ்ப்பாளுக்கு நன்றாக மேலே ஓரிடம் பார்த்துக் கை வைத்தாள்.

"ஸ்பெல்லிங் சொல்லுங்க சார்."

தண்டபாணி ஜன்னல் வழியாக யார்டு கேட்டிலிருந்த பெயர்ப் பலகையை எட்டிப் பார்த்து, ஹாரன் ஓயும் இடைவெளிகளில், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல ஆரம்பித்தார்.